பெரும் பணக்காரர்களுக்கு இன்று எதுதான் ஆடம்பரம்?

வைகறை கேட்டது:
ரோலெக்ஸ், பென்ஸ் எல்லாம் கடன் போட்டாவது வாங்க இப்போது ஆள் இருக்கிறது. அப்படியானால் பத்தாயிரம் கோடி டாலர் வைத்திருப்பவருக்கு எது ஆடம்பரம்? எதை வாங்கினால் இது என்னால் மட்டும்தான் முடியும் என்று அவருக்குத் தோன்றும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்:
யாரும் கிட்டே வரமுடியாத இடம், அதுதான். ஃபேஸ்புக் நிறுவனர் சக்கர்பெர்க் 2013இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் தன் வீட்டை ஒட்டியிருந்த நான்கு வீடுகளை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். குடியிருக்க இல்லை, வேறு யாரும் பக்கத்தில் வந்து கட்டிவிடக்கூடாது என்பதற்காக.

மணிமாறன்:
பாதி சரி. ஒளிந்து வாழ நினைப்பவர் 127 மீட்டர் பாய்மரக் கப்பல் கட்டுவாரா? அமேசான் நிறுவனர் பெசோஸின் கோரு என்ற கப்பலைச் சொல்கிறேன். மூன்று பாய்மரங்கள் உயர்ந்து நிற்பதால் அதில் ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை, அதற்காகவே இறங்குதளம் வைத்த அபியோனா என்ற துணைக்கப்பல் ஒன்று கூடவே போகிறது. நாமெல்லாம் பாய்மரமா ஹெலிகாப்டரா என்று யோசித்து ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். எதையுமே விடவேண்டாம் என்ற நிலைதான் என் கணக்கில் ஆடம்பரம்.

செல்வி:
இரண்டு பேரும் வாங்குகிறவரை மட்டும் பார்க்கிறீர்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஹவாயில் லனாய் தீவின் 98 சதவீதத்தை ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி எலிசன் 2012இல் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கினார். அங்கே ஏறக்குறைய 3,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் அவரேதான், இரண்டு பெரிய ஓட்டல்களும் அவருடையவை. முதலாளியோடு மனத்தாங்கல் வந்தால் வாடகை வீட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டுமே.

அப்புறம் அதே ஹவாயில் உள்ள கவாய் தீவு. 2014இல் சக்கர்பெர்க் அங்கே சுமார் 700 ஏக்கர் வாங்கினார். அதற்குள்ளே ஹவாய்ப் பூர்வகுடிக் குடும்பங்களின் சிறுசிறு துண்டு நிலங்கள் இருந்தன. நம் ஊர்ப் பூர்வீகச் சொத்து போலத்தான், தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிக்காமல் ஏகப்பட்ட பங்காளிகளுக்குச் சொந்தமானவை. யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்று தீர்க்க 2016 கடைசியில் கோர்ட்டுக்குப் போனார், எதிர்ப்பு பலமாக எழுந்ததும் 2017 ஜனவரியில் வழக்குகளைக் கைவிட்டார்.

வைகறை:
ஹவாயில் கடற்கரை எல்லோருக்கும் பொது என்று கேள்விப்பட்டேனே?

செல்வி:
ஆமாம், சட்டப்படி கடற்கரை பொதுதான். ஆனாலும் 2016இல் சக்கர்பெர்க் கவாயில் ஆறடிச் சுவர் எழுப்பியபோது, கடலும் தெரியவில்லை, காற்றும் வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் புகார் சொன்னார்கள். அவர்கள் இழந்ததையும் கணக்கில் சேர்த்துத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.