வள்ளியூர்–ராதாபுரம் மைக்ரோவேவ் லிங்க்: 5ஜி அலை 31 டெசிபெல் மிஞ்சுது, டவரைத் தள்ளி வச்சாத் தீருமா?

கேட்டவர்: நம்பியாத்துக்கரை
15 கிமீ லிங்க் (டிஷ்ஷுக்கு டிஷ் ரேடியோ இணைப்பு), 28 மெகாஹெர்ட்ஸ் சேனல், 1.8 மீட்டர் டிஷ். 2023 உலக ரேடியோ மாநாட்டில் நம்ம ஆசிய வட்டாரத்துக்கும் மொபைலுக்குன்னு குறிச்ச 7025–7125 மெகாஹெர்ட்ஸுக்குள்ளே லிங்க் இருக்குன்னு வச்சுப் பேப்பர்ல கணக்குப் போடுதேன். 5ஜி டவர் 10 கிமீ தள்ளி, டிஷ் பார்க்கிற திசைக்கு 40 டிகிரி விலகி. இஐஆர்பி (ஆன்டெனா கெயினும் சேர்த்து டவர் அனுப்புற பவர்) 60 டிபிஎம். ஐ/என் (இடைஞ்சலுக்கும் ரிசீவர் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) −10 டெசிபெல்ங்கிற வரம்பை 31 டெசிபெல் தாண்டுது. டவரை இன்னும் தள்ளணுமா அண்ணாச்சி?

பதில்: பாளை மைக்ரோ
31 இல்ல, 25. அந்த 60 டிபிஎம் 100 மெகாஹெர்ட்ஸ்ல பரவிக் கிடக்கு. உங்க ரிசீவர் 28-ஐத்தான் அள்ளும். 5.5 கழிங்க. 54.5-ல வெட்டவெளி இழப்பு 129.4, எஃப்.699 (டிஷ் எந்தக் கோணத்துல எவ்வளவு அள்ளும்னு சொல்ற ஐடியு பொதுக் கோடு) படி 40 டிகிரியில டிஷ் கெயின் −4.3, வந்து சேர்றது −79.2 டிபிஎம். இரைச்சல் −94.5 (நாய்ஸ் ஃபிகர், அதாவது ரிசீவர் தானே சேர்க்கிற இரைச்சல், 5), வரம்பு அதுக்கு 10 கீழே −104.5. −79.2 அதை 25 தாண்டுது.

தூரம் இரட்டிச்சா 6 டெசிபெல்தான் குறையும். 25-ஐயும் தூரத்துலயே தீர்க்கணும்னா 180 கிமீ. டவர் மதுரைக்கே போயிரும்! கோணத்தைப் பிடிங்க. ஆனா டிஷ் பக்கம் 48 டிகிரிக்கு மேல எஃப்.699 தட்டையாயிரும், இன்னும் 2 டெசிபெல்தான் தேறும். கம்பெனி கொடுக்கிற பேட்டர்னைப் போடுங்க. ஷ்ரவுட் (விளிம்பைச் சுத்தின தடுப்பு) வச்ச டிஷ் அந்தப் பொதுக் கோட்டைவிட நல்லாவே அடக்கும். மீதி டவர்ல: செக்டார் ஆன்டெனாவோட முதுகு உங்க டிஷ்ஷைப் பார்க்கட்டும், டவுன்டில்ட்டும் (ஆன்டெனாவைக் கீழே சாய்க்கிறது) கூட்டுங்க. லிங்க்கோட ரெண்டு முனை ரிசீவருக்கும் தனித்தனியாப் பாருங்க, ஒண்ணோட நிறுத்திராதீங்க.

பதில்: உவரிக்கரை
வெட்டவெளிக் கணக்கோட விட்டுராதீங்க, பி.452 (இடைஞ்சல் அலை எவ்வளவு வந்து சேரும்னு கணிக்கிற ஐடியு முறை) ஓட்டுங்க. 20% நேரத்துக்கு மட்டும் ஓட்டினா அபூர்வமா வர்ற உச்சம் தெரியாது, 0.01%-க்கும் ஓட்டுங்க. டவர் கடலோரமா இருந்தா டக்டிங்ல (காத்தடுக்குக்குள்ள அலை சிக்கி ரொம்ப தூரம் போறது) தொடுவானத்துக்கு அப்பாலிருந்தும் அலை வந்து விழும். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகளையும் பாருங்க: லிங்க்கோட நட்டநடுவுல ஃப்ரெனல் ஆரம் (அலை போறதுக்கு வேண்டிய வெளியோட ஆரம்) 12.6 மீட்டர், அதுல 60% (7.6) காலியா இருக்கணும். பூமி வளைவுக்கு 3.3 மீட்டர் தனி. இறக்கை சுத்துற வட்டத்தையும் சேர்த்து அளங்க, தண்டை மட்டும் இல்ல.

பதில்: பாளை மைக்ரோ
லிங்க் ஓடுறப்போ எதிர்முனை டிரான்ஸ்மிட்டரை மியூட் பண்ணி ஆர்எஸ்எல் (வந்து சேர்ற சிக்னல் அளவு) பாத்தா பெரிய இடைஞ்சல் தெரியும். −104 தெரியாது, ரிசீவர் இரைச்சலுக்கும் 10 டெசிபெல் கீழே கிடக்கு. அது தின்கிறது ஃபேட் மார்ஜினை (சிக்னல் மங்கினாத் தாங்க வச்ச கூடுதல்): ஐ/என் −10-ல 0.4 டெசிபெல், 0 ஆனா 3. ஆடிக் காத்துல காத்தடுக்கு கலைஞ்சிரும், லிங்க் நல்லாவே ஓடும். காத்து ஓஞ்ச விடியக்காலையில 256 க்யூஏஎம் (டேட்டா ஏத்துற மாடுலேஷன்) 16-க்கு இறங்கி வேகம் குறையலாம். ஆர்எஸ்எல்லும் கூடவே இறங்கினா ஃபேடிங். ஆர்எஸ்எல் அசையாம எம்எஸ்இ (ரிசீவர் காட்டுற சிக்னல் பிழை அளவு) மட்டும் கெட்டா பெரும்பாலும் இடைஞ்சல்.