படிவத்தைத் திரைக்கேற்ப விரிப்பது: பணிப்பட்டை 40 பிக்சலா, 50 பிக்சலா?

அடைப்புக்குறி:
"படிவம், அதாவது நிரலின் சாளரம், திறக்கும்போது நடக்கும் லோட் நிகழ்வில் திரையின் முழு அகலத்தையும் உயரத்தையும் எடுத்துப் படிவத்துக்குக் கொடுங்கள், பணிப்பட்டைக்காக உயரத்தில் 40 பிக்சல் கழியுங்கள், எந்தக் கணினியிலும் சரியாக நிற்கும்" என்று நண்பர் பழையநிரலர் வேறோர் இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். புதிதாக நிரல் எழுத வருபவர்கள் இதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்கள் என்பதால் இங்கே கேட்கிறேன். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் ஸ்க்ரீன் வகுப்பு பவுண்ட்ஸ், வொர்க்கிங்ஏரியா என இரண்டையும் தருகிறது. முன்னது முழுத்திரை, பின்னது பணிப்பட்டையும் ஓரங்களில் ஒட்டிய பிற பட்டைகளும் போக மிஞ்சும் இடம். கேட்டால் விண்டோஸே சொல்லிவிடும் ஒன்றை 40 என்று கையால் எழுதுவானேன்? விண்டோஸ் 10இல் காட்சி அளவீடு (திரையில் உள்ளவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 125 விழுக்காடாக உள்ள கணினியில் அந்தப் பட்டையின் உயரம் 50 பிக்சல். படிவத்தின் அடிவிளிம்பில் உள்ள 'சேமி' பொத்தான் 10 பிக்சல் அளவுக்குப் பட்டையின் கீழே புதைந்துவிடும்.

பழையநிரலர்:
விபி6 (விஷுவல் பேசிக் 6) வெளிவந்த 1998இலிருந்து படிவங்களைத் திரைக்குப் பொருத்தி வருபவனுக்குப் பாடம் நடத்த முன்வந்ததற்கு நன்றி. என் கணினித் திரை 1920க்கு 1080. அளவீடு, நீங்கள் சொன்ன அதே 125 விழுக்காடு. என் நிரலில் முழுத்திரை உயரம் 864 என்றும், வொர்க்கிங்ஏரியா உயரம் 824 என்றும் வருகின்றன. கழித்துப் பார்த்தால் எத்தனை வருகிறது என்பதை நண்பரே இங்கு எழுதட்டும்.

அடைப்புக்குறி:
அதே 1920க்கு 1080 திரை, அதே 125 விழுக்காடு. என் நிரலில் 1080, 1030. வித்தியாசம் 50. உங்களுக்கு 864 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணமேனும் யோசித்தீர்களா?

சாளரவாசி:
இருவர் எண்ணும் சரியாக இருக்கலாம். அளவீட்டைத் தானே கவனித்துக்கொள்வதாக அறிவிக்காத நிரலிடம் விண்டோஸ் சுருக்கிய கணக்கைச் சொல்லும்: 1080ஐ 1.25ஆல் வகுத்தால் 864, பட்டையும் 50இலிருந்து 40 ஆகிவிடும். அறிவித்த நிரலுக்கு உண்மையான பிக்சல் கிடைக்கும். எந்தப் பிக்சலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பழையநிரலர்:
இருவரும் சரி என்ற பஞ்சாயத்துத் தீர்ப்பு இங்கே தேவையில்லை. என் நிரலுக்கு விண்டோஸ் சொல்வது 40. நான் எழுதியது 40.

அடைப்புக்குறி:
சாளரவாசி அவர்கள் சொன்னதிலிருந்து உண்மையான அளவு 50 என்பது உறுதியாகிவிட்டது. அடுத்தது: பணிப்பட்டையை இடப்புறம் வைத்திருப்பவரின் கணினியில் குறைவது அகலம். அங்கே உயரத்தில் 40ஐக் கழித்தால் கீழே வெற்றிடமும் பக்கத்தில் மறைப்பும் சேர்ந்தே வரும். வொர்க்கிங்ஏரியாவின் உயர அகலங்களோடு அதன் தொடக்கப் புள்ளியையும் படிவத்துக்குக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையநிரலர்:
பணிப்பட்டை தானாக மறையும்படி அமைத்த கணினியில் உங்கள் வொர்க்கிங்ஏரியா முழுத்திரையையே திருப்பித் தரும் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அங்கே சுட்டியைக் கீழே கொண்டுபோனதும் பட்டை எழுந்து உங்கள் 'சேமி' பொத்தானை முழுவதுமாக மூடும். நான் கழித்த 40 பிக்சல் அங்கேயும் காப்பாற்றும். இன்னொன்று, விண்டோஸ் 10இல் சாளரத்தின் இரு பக்கங்களிலும் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓரம் உண்டு. வொர்க்கிங்ஏரியாவை அப்படியே கொடுத்தால் அந்த அளவுக்குப் பின்னணி எட்டிப் பார்க்கும். கேட்டால் விண்டோஸே சொல்லிவிடும் என்றவர் இதையும் கேட்டுச் சொல்லட்டும்.

நெடுவரி:
படிவத்தின் வெளியளவுக்கே இவ்வளவு சண்டையா? படிவம் விரிந்தாலும் உள்ளே இருக்கும் பொத்தான், உரைப்பெட்டி போன்ற கட்டங்கள் இருந்த இடத்திலேயே நின்றால் என்ன பயன்? அவற்றைப் படிவத்தின் ஓரங்களோடு பிணைக்கும் ஆங்கர், டாக் பண்புகளையும், 2005இல் டாட்நெட் 2.0உடன் வந்த, கட்டங்களை அட்டவணையாக அடுக்கும் டேபிள்லேஅவுட்பேனலையும் சரியாக அமைத்துவிட்டு, சாளரத்தின் நிலையைக் குறிக்கும் விண்டோஸ்டேட்டை மேக்ஸிமைஸ்டு என்று வைத்தால் போதும். ஓரச்சட்டம் உள்ள படிவம் பணிப்பட்டையை மூடாது. சட்டத்தை நீக்கியவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல்.

பழையநிரலர்:
ஆங்கர் இல்லாத காலத்தில், ஃபார்ம் ரீசைஸ் நிகழ்வில் ஒவ்வொரு கட்டத்தின் இடத்தையும் கையால் கணக்கிட்டு எழுதியவர்கள் நாங்கள். படிவத்தைச் சிறிதாக்கும்போது உயரம் எதிர்ம எண்ணாகி 380ஆம் எண் பிழை வரும் என்று தெரிந்து, அதற்கு முன்பே விண்டோஸ்டேட்டைச் சோதித்து வெளியேறுவோம். டிசைனரில் இழுத்து விட்டுவிட்டுப் பெருமை பேசுபவர்களுக்கு இது விளங்காது.

அடைப்புக்குறி:
பெருமையைப் பற்றிப் பேசுவதால் நினைவூட்டுகிறேன். விபி6இன் அளவலகான ட்விப் பற்றிய பழைய இழையில் "ஒரு பிக்சலுக்கு 15 ட்விப், இது மாறாது" என்று அடித்துச் சொன்னவரும் தாங்களே. அது 96 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 96 பிக்சல்) மட்டும் உரிய கணக்கு; 120 டிபிஐயில் 12. அந்த இழையில் கடைசிவரை தாங்கள் பதில் எழுதவில்லை. அன்று 15, இன்று 40. எண்ணை மனப்பாடம் செய்வதை அனுபவம் என்கிறீர்கள்.

பழையநிரலர்:
அந்த இழை பூட்டப்பட்டதால் பதில் எழுதவில்லை, பதில் இல்லாததால் அல்ல. ஒரு அங்குலத்துக்கு 1440 ட்விப் என்ற அடிப்படையை அங்கே முதலில் எழுதியதே நான்தான். அதை மறைத்துவிட்டு இங்கே வந்து கணக்குத் தீர்க்கப் பார்க்கிறீர்கள்.

சாளரவாசி:
இரண்டாவது திரை முதன்மைத் திரைக்கு இடப்புறம் இருந்தால் அதன் தொடக்கப் புள்ளி எதிர்ம எண்ணாக இருக்கும். ப்ரைமரிஸ்க்ரீனைக் கேட்காமல், ஃப்ரம்கன்ட்ரோல் வழியாகப் படிவம் நிற்கும் திரையைக் கண்டுபிடித்து அதன் வொர்க்கிங்ஏரியாவை எடுக்க வேண்டும். இதைப் பற்றி இருவருமே இன்னும் பேசவில்லை.

அடைப்புக்குறி:
பேசலாம், பழையநிரலர் 50ஐ ஒப்புக்கொண்ட பிறகு. விண்டோஸ் 11இல் அளவீடு 100 விழுக்காடாக இருக்கும்போதே பட்டை 48 பிக்சல் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

பழையநிரலர்:
விண்டோஸ் 11ஐப் பற்றி இந்த இழையில் யார் கேட்டார்கள்? 864, 824 இரண்டும் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்க்ரீன்ஷாட்) எடுத்து வைத்திருக்கிறேன், இணைக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் 50 என்பவர்கள், தங்கள் நிரலின் முழு மூலத்தையும் இங்கே ஒட்டட்டும். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.