கோடை பண்பலை 100.5 கேட்ட இடங்கள்

பழைய பாட்டுதான் எல்லா ஆப்பிலும் கிடைக்கிறதே, அப்புறம் எதற்கு ரேடியோ என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடைக்கானல் ஆகாசவாணி நிலையமான கோடை பண்பலையைத்தான் சொல்வேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒருநாள் பொழுது சாயும் நேரம், கேரளாவுக்குப் போகிற லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கேபினில் 100.5 ஓடுகிறது. எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஒன்று. வைரமுத்து எழுதியது என்று நான் பக்கத்தில் நின்றவரிடம் சொல்ல, பெட்டியைத் தோளில் வைத்தபடியே பெரியவர் ஒருத்தர், "இல்ல தம்பி, இது மு. மேத்தா. ரேடியோவுல சொல்லித்தான் போட்டாங்க" என்றார். அவருக்கு நா. காமராசன், புலமைப்பித்தன் எழுதிய பாட்டெல்லாமும் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. படம், பாடியவர்கள், இசை என்பதோடு எழுதியவர் பெயரையும் சொல்கிற வழக்கம் ஆகாசவாணியில் இருப்பதால் வந்த அறிவு அது. எனக்குத் தெரிந்து தனியார் எஃப்எம்மில் இதை யாரும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை.

சின்ன ஊர் நிலையம் இத்தனை மாவட்டத்துக்குக் கேட்கக் காரணம் உயரம். எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி மேலே இருக்கிறது. அங்கிருந்து திண்டுக்கல், மதுரை, தேனி, திருப்பூர், திருச்சிப் பக்கம் வரை இறங்கி வந்துவிடும். ஆனால் மலைப் பாதையிலேயே, பாறை மறைக்கிற வளைவுகளில், கரகரவென்று இரைச்சல்தான்.

பழனியில் நான் துணி தைக்கக் கொடுக்கும் அண்ணன் கடையிலும் நாள் முழுக்க இதேதான். நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை போட்ட காலத்திலிருந்து கேட்கிறவர். அவர் பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டால் அன்றைக்குக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் டீ. "பாட்டு என்ன பாட்டு, செல்லுலயே இருக்கு. ரேடியோவுல நம்ம ஊர் பேரைச் சொல்றாங்கல்ல, அதுக்குத்தான்" என்பார். அதைச் சொல்லும்போது மிஷின் மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்துவார், அறிவிப்பாளர் அடுத்த பெயர் வாசிக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

இப்போது நியூஸ் ஆன் ஏர் செயலியில் வெளிநாட்டிலிருந்தும் கேட்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் என் கவலை வேறு. செலவைக் குறைக்கிறோம் என்று சென்னை நிகழ்ச்சியை அப்படியே வாங்கி ஒலிபரப்ப ஆரம்பித்தால், ஆயக்குடி, வத்தலக்குண்டு, சின்னாளப்பட்டி என்று வரிசையாக ஊர்ப் பெயரை வாசிக்க யார் இருப்பார்கள்? கேட்கிறவர்கள் நிலையத்துக்கு நாலு வரி கடிதம் எழுதிப் போடுங்கள். எந்த நிகழ்ச்சியை, எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.