மேலூர் ஒருபோக நஞ்சையில் யூரியாவை நிறுத்துவது எப்படி? (மண் பரிசோதனை முடிவு உள்ளே)

ஒருபோகம்_மேலூர் கேட்டது:

வணக்கம். மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் 3 ஏக்கர் ஒருபோக நஞ்சை. செம்மண் கலந்த களி. சம்பா நெல் மட்டும்தான், தை அறுப்புக்குப் பிறகு கால்வாயில் தண்ணீர் திறக்கும்வரை தரிசு. இப்போது ஏக்கருக்கு யூரியா 4 மூடை, டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) 1 மூடை, பொட்டாஷ் அரை மூடை போகிறது. நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 2,400 கிலோ நெல்.

மண் பரிசோதனை முடிவு: பிஹெச் (கார அளவு) 8.1, உப்பு 0.4, கரிமச்சத்து 0.38 சதவீதம். எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 190 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 38, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 240. ஜிங்க் 0.6 பிபிஎம்.

ஜீவாமிர்தம் மட்டும் விட்டாலே போதும் என்கிறார்கள் சிலர். யூரியாவை நிறுத்தினால் பாதிகூட விளையாது என்கிறார்கள் சிலர். இந்த மண்ணுக்கு எது சரி? எதிலிருந்து ஆரம்பிப்பது?

---

மண்கணக்கு:

முதலில் வரவு செலவு பார்த்துவிடலாம்.

2,400 கிலோ நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, பயிர் ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஜீவாமிர்தத்தில் என்ன இருக்கிறது? 200 லிட்டர் தொட்டிக்குச் சாணி 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி வரப்பு மண். இத்தனையிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோவைத் தொடாது. பத்துத் தடவை விட்டாலும் இரண்டரை கிலோ. ஆகவே அது உரம் இல்லை. நுண்ணுயிரைத் தூண்டலாம், ஆனால் அந்த நுண்ணுயிர் தின்பதற்கு மண்ணில் மக்கு வேண்டும். 0.38 சதவீத மண்ணில் அது மிகக் குறைவு. ஜீவாமிர்தத்தை மட்டும் நம்பி யூரியாவை நிறுத்திய வயல்கள் இரண்டாம் வருடம் வெளிறிப்போவதற்கு இதுதான் காரணம்.

தழைச்சத்து எங்கிருந்து வரும்? ஏக்கருக்கு 8 டன் பச்சைத் தக்கைப்பூண்டை (பசுந்தாள் உரச்செடி) மடக்கி உழுதால் 40 கிலோவை ஒட்டிச் சேரும், அதில் பாதி அந்தப் பயிருக்கே கிடைக்கும். 5 டன் தொழு உரத்தில் 25 கிலோ இருக்கும், முதல் போகத்துக்கு 8 கிலோ என்று வையுங்கள். மீதியை மண்ணின் சொந்த இருப்பு தரவேண்டும். 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போட்டால் இன்னொரு 5 கிலோ. கணக்கு கிட்டத்தட்ட நேராகிறது. ஆனால் இதில் ஒன்று தவறினாலும் பயிர் காட்டிக்கொடுத்துவிடும்.

கரிமச்சத்து ஏறும் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 900 டன் எடை. கரிமத்தை 0.1 சதவீதம் ஏற்ற 900 கிலோ கரிமம் மண்ணில் தங்கவேண்டும். 8 டன் பசுந்தாளில் இருப்பதே 650 கிலோதான், நம் ஊர் வெயிலில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தங்கினாலே பெரிது. ஒரே போகத்தில் மண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது பாட்டில் விற்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

---

கொழிஞ்சிவயல்:

உங்கள் நிலத்தின் பெரிய சொத்து அந்த ஏழு மாதத் தரிசு. அதைச் சும்மா விடாதீர்கள்.

தக்கைப்பூண்டு என்றால் ஏக்கருக்கு 20 கிலோ விதை. இரவு முழுக்க ஊறவைத்து, ஆடிக் கடைசியில் ஈரம் பார்த்து விதைத்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தில் மடக்கும் பருவத்துக்கு வரும். 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கவேண்டும். தண்டை வளைத்தால் பட்டென்று ஒடியவேண்டும், நார் உரிந்தால் வயது தாண்டிவிட்டது. 60 நாளைத் தாண்டினால் தண்டு ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும், மண்ணில் மக்கவும் நாள் பிடிக்கும். உங்கள் பிஹெச்சுக்குச் சணப்பைவிடத் தக்கைப்பூண்டு தாங்கும்.

மடக்கியபின் செய்யும் தவறுதான் அதிகம். மறுநாளே நாற்று நடுகிறார்கள். பச்சை மக்கும்போது தண்ணீருக்கடியில் காற்று தீர்ந்து, அங்கக அமிலமும் அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயுவும் கிளம்பும். வேர் கறுத்து நாற்று பச்சை பிடிக்காமல் நின்றுவிடும். மடக்கி, தண்ணீர் கட்டி, 7 முதல் 10 நாள் கழித்துத் தொளி அடித்து (சேறாக உழுது) நடுங்கள். நட்ட பிறகும் குமிழி வந்தால் இரண்டு நாள் தண்ணீரை வடித்துக் காயவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

மேலூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. தரிசுக் காலத்தில் ஆடு மாடு அவிழ்த்துவிடுவார்கள், தக்கைப்பூண்டு தப்பாது. அடைப்பு இல்லையென்றால் கொழிஞ்சி என்ற பசுந்தாள் செடிதான் வழி. மாடு அதைக் கடிக்காது, வறட்சி தாங்கும், ஒருமுறை விதை விழுந்தால் அடுத்த வருடம் தானே முளைக்கும். ஏக்கருக்கு 7 கிலோ போதும். விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் போட்டால் பாதி முளைக்காது. நெல் அறுப்புக்குச் சற்று முன் ஈர வயலில் தூவிவிடலாம். நம் தாத்தாக்கள் காலத்தில் ஒருபோக நஞ்சையெல்லாம் இதுதான் நின்றது, யூரியா மலிவாகக் கிடைத்ததும் மறந்துபோனோம்.

ஆட்டுக்கிடை போட ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கிடை கிளம்பிய மறுநாளே உழவேண்டும். நான்கு நாள் வெயிலில் கிடந்தால் மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து ஆவியாகிவிடும், மிஞ்சுவது புழுக்கை மட்டும்தான்.

---

இருபோகக்காரன்_வாடிப்பட்டி:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனாலும் முதல் வருடமே யூரியாவைப் பூஜ்யமாக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்து, நவம்பரிலேயே விலக்க வேண்டிவந்தது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. மண்ணைத் தயார் செய்யாமல் உரத்தை எடுத்ததுதான் அங்கே நடந்த பிழை. ஒரு குடும்பத்தின் மூன்று ஏக்கரில் அந்தப் பிழை நடக்கக்கூடாது.

அதற்காக இப்போது போடும் அளவு சரி என்று சொல்லவில்லை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை மத்திய, நீண்டகால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, அதாவது 45 கிலோ யூரியா மூடையில் மூன்று. நீங்கள் நான்கு போடுகிறீர்கள், அதற்குமேல் டிஏபி வேறு. யூரியா மட்டும் மூடை 266 ரூபாய் சொச்சத்தில் கிடைப்பதும், 2010-ல் மற்ற உரங்களின் மானிய முறை மாறியபோது யூரியாவை மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டில் விட்டதும் நாடு முழுக்க இந்தப் பழக்கத்தை வளர்த்தன. கூடுதல் யூரியா நெல்லாவதில்லை. இலை கறுத்து, தாள் மெலிந்து, இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் புகையானும் வர, மருந்துச் செலவாகிறது.

என் யோசனை: முதல் வருடம் பசுந்தாளோடு ஏக்கருக்கு யூரியா ஒன்றரை மூடை. அடுத்த வருடம் முக்கால். மூன்றாம் வருடம் நிறுத்திப் பாருங்கள். மூன்று ஏக்கரையும் ஒன்றாக இறக்காமல் ஒரு ஏக்கரில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

எப்போது போடுவது என்பதை இலை வண்ண அட்டை (பச்சை நிறத்தின் அடர்த்தியை எண்ணிட்டுக் காட்டும் அட்டை) சொல்லும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழலில் மறைத்து, 10 குத்தில் முழுதாக விரிந்த மேல் இலையை ஒப்பிடுங்கள். அட்டையில் எல்லை எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு அதற்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா, தண்ணீரை வடித்துவிட்டு. 8.1 பிஹெச்சில் நின்ற தண்ணீரில் வீசினால் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும்.

---

மண்கணக்கு:

வாடிப்பட்டி அண்ணன் சொன்ன படிப்படியான முறையை ஏற்கிறேன். டிஏபியை மட்டும் இந்த வருடமே நிறுத்துங்கள். எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து இருந்தாலே அதிகம், உங்களுக்கு 38. வருடாவருடம் போட்ட டிஏபி மண்ணிலேயே கட்டிக் கிடக்கிறது. பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்தில் கலந்து போட்டால் கொஞ்சம் இளகும்.

மணிச்சத்து கூடினால் ஜிங்க் பயிருக்குக் கிடைப்பது குறையும். நம் மண்ணுக்கு எல்லை 1.2 பிபிஎம், உங்களுடையது அதில் பாதி. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடியிலைகளில் துருநிறப் புள்ளி, இலையடியில் நடுநரம்பு வெளிறல், பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்பது, இதெல்லாம் வருகிறதா? அதைத் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டிருப்பீர்கள். ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, பசுந்தாள் மடக்கினால் 5 கிலோவே போதும். காய்ந்த மணலில் கலந்து, கடைசித் தொளியில் பரம்படித்தபின் மேலாகத் தூவவேண்டும். சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்கக்கூடாது.

---

ஒருபோகம்_மேலூர்:

அந்தத் துருப்புள்ளி வருடாவருடம் வருகிறது, நோய் என்று மருந்துதான் அடித்தோம். எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வைக்கோலைக் கட்டு கட்டி விற்றுவிடுகிறோம், அதை மண்ணுக்கே விடவேண்டுமா? அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) வாங்குவதானால் இந்தப் படிப்படி முறை ஒத்துவருமா?

---

கொழிஞ்சிவயல்:

பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது, மணியில் இல்லை. எல்லாவற்றையும் விற்றால் பொட்டாஷை விலைக்கு வாங்கியே தீரவேண்டும். பாதியையாவது வயலில் விடுங்கள். ஆனால் நடவுக்கு முன்னால் பச்சையாக மடக்காதீர்கள். வைக்கோலை மக்கவைக்க நுண்ணுயிர் மண்ணிலிருந்தே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். உங்களுக்குத்தான் ஏழு மாதம் இருக்கிறதே, கோடை மழை ஈரத்தில் உழுது மடக்கினால் புரட்டாசிக்குள் மக்கிவிடும். கொழிஞ்சி தூவுகிற ஏக்கரில் மட்டும் கோடை உழவு வேண்டாம், வைக்கோல் மேல்மூடாக்காகவே கிடக்கட்டும்.

சான்றுக்கு, கடைசியாக ரசாயனம் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். நெல் மாதிரிப் பயிருக்கு மாறுதல் காலம் 2 வருடம். ஒன்றரை மூடை, முக்கால் மூடை போடும் வருடங்கள் இதில் சேராது. ஜிங்க் சல்பேட்டுக்கும் மண் பரிசோதனை முடிவைக் காட்டி, சான்று தருபவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வயல் தண்ணீர் உங்கள் வயல் வழியாக வடிகிறதா என்றும் கேட்பார்கள். ஒருபோகப் பாசனத்தில் வயலுக்கு வயல் தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால் தனி வாய்மடை இருக்கிற ஏக்கரையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

---

இருபோகக்காரன்_வாடிப்பட்டி:

அடுத்த மண் மாதிரியை அறுப்பு முடிந்ததும், எரு கொட்டுவதற்கு முன் எடுங்கள். ஏக்கருக்கு 10, 15 இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. வெட்டி, ஓரத்துச் சீவலை மட்டும் சேர்க்கவேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்குங்கள். யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், தழைச்சத்து கூடுதலாகக் காட்டும். யூரியா குறைக்கும் ஏக்கருக்கும் மற்ற இரண்டுக்கும் தனித்தனிப் பை.