விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு நற்கருணை கொடுப்பது

நாவில் நற்கருணை அப்பத்தை வைத்ததும் இருமல், கண்ணில் நீர், வீட்டார் பதற்றம். இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: வாய் வறண்டிருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும். வறண்ட வாயில் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படுத்த நிலையில் கொடுக்கவே கூடாது.

தலையணை வைத்து நேராக உட்கார வையுங்கள், தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். ஈரப் பஞ்சால் வாயை நனைத்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு துணுக்கைக் கரண்டியில் நீரோடு கொடுங்கள். சிலருக்கு வெறும் தண்ணீர்தான் வேகமாக ஓடிப் புரையேறும். கெட்டியாக்கிய நீர் குடிப்பவருக்கு இங்கேயும் அதே நீர்தான். தொண்டை ஏறி இறங்கிய பிறகு 'ஆமென்' சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால் இன்னும் சரியாக இறங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

துணுக்கு என்றதும் "முழுசா வாங்க முடியலையே" என்று கலங்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: பிட்ட ஒவ்வொரு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) போதித்தது இது. துணுக்கும் இறங்காதவருக்குத் திரு இரத்தம் (அர்ச்சித்த திராட்சை இரசம்) மட்டும் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 925 அதற்கு இடம் தருகிறது. சில சொட்டு போதும், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு முதியவர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் கட்டாது (சட்டம் 919). அதற்காக மாத்திரை நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோயில் பூசுதலையும் (குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கேட்டு வாங்குங்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் காதில் நிற்பதால், மூச்சு இழுக்கும்வரை குருவானவரை அழைக்கப் பயப்படுகிறார்கள். இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. முதுமையால் மிகவும் தளர்ந்தவர், பெரிய நோய் இல்லாவிட்டாலும் பெறலாம். நினைவு தப்பியவருக்கும் மறுக்க வேண்டியதில்லை. தெளிவாக இருந்தபோது விரும்பியிருப்பார் என்றால் போதும்.

மறதி நோயாளியிடம் செபிக்கும்போது கண்மட்டத்தில் உட்கார்ந்து, அவர் சிறுவயதில் கற்ற வார்த்தைகளிலேயே தொடங்குங்கள். 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்றால் பேசாமல் இருப்பவர், 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்றதும் உதடு அசைக்கக்கூடும். மரியாளை நோக்கிய பழைய செபமான 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்றும் சொல்லிப் பாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், அடுத்த வார்த்தை அவரிடமிருந்து வர நேரம் பிடிக்கும்.