சொந்தப் புரதத்தை ஏன் கலங்கள் வெளியே காட்டுகின்றன?

ஹட்டன்_பயோ:
அம்மா கொழுந்து பறிக்கிறவர். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகிற நேரத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, கூடைக் கயிற்றைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. கிளினிக்கில் மூட்டுவாதம், உடலின் நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்குகிறது என்றார்கள். அன்டி-சிசிபி என்ற இரத்தப் பரிசோதனை ரிப்போட்டும் பொசிட்டிவ். டென்ட்ரிட்டிக் கலம் என்ற நோயெதிர்ப்புக் கலம் கிருமியை விழுங்கி அதன் துண்டை எம்எச்சி என்ற தாங்கிப் புரதத்தில் வைத்து, கலத்துக்கு வெளியே காட்டும் என்று படித்தேன். நம் சொந்தப் புரதத்தையும் காட்டுமாம். அது எதற்கு? காட்டாமல் இருந்தால் அம்மாவுக்கு இது வந்திருக்காதே?

பண்டாரவளை_டீச்சர்:
தம்பி, காட்டுவதில் பிழை இல்லை. எது சொந்தம், எது கிருமி என்று எம்எச்சிக்குத் தெரியாது. விழுங்கியதெல்லாம், செத்துப்போன நம் கலங்களும் சேர்த்து, வெட்டுப்படும். எம்எச்சியின் பள்ளத்தில் பொருந்துகிற துண்டு மேலே வரும். எம்எச்சி வகை 2 என்றால் பெரும்பாலும் 13 முதல் 25 அமினோ அமில நீளம். சுகமாக இருப்பவரிடம் காட்டப்படுவதில் பெரும்பகுதி சொந்தத் துண்டுதான். கணக்கப்பிள்ளை கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தைப் பார்ப்பது போல, தாக்குதலைத் தொடங்குகிற டி கலம் அதைப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஏன் சும்மா போகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டி கலங்கள் முதிர்கிற உறுப்பான தைமசில் ஏயர் என்ற மரபணு, கணையத்தில் சுரக்க வேண்டிய இன்சுலினைக்கூடக் கொஞ்சம் உண்டாக்கிக் காட்டவைக்கிறது. அதை இறுகப் பிடிக்கிற டி கலங்களில் பெரும்பாலானவை அங்கேயே சாகும். தப்பி வந்தவற்றுக்கு வெளியிலும் பாடம் உண்டு: கிருமியால் உசுப்பப்படாத டென்ட்ரிட்டிக் கலம் துண்டைக் காட்டும், ஆனால் ‘தாக்கு’ என்கிற இரண்டாவது சமிக்ஞை தராது, டி கலம் அடங்கிவிடும். காட்டாமல் விட்டால் இந்தப் பாடமே நடக்காது. ஏயர் பழுதாகப் பிறந்த பிள்ளைகளின் சுரப்பிகளை அவர்களுடைய உடலே தாக்குகிறது.

அம்மா விஷயம் வேறு. புரதத்தில் ஆர்ஜினின் சிட்ருலினாக மாறுகிறது. டிஆர்4 போன்ற சில எச்எல்ஏ (மனிதரின் எம்எச்சி) வகைகள் அந்த மாறிய துண்டை நன்றாகப் பிடிக்கும். அதற்கெதிரான பிறபொருளெதிரியைத்தான் அந்த ரிப்போட் காட்டுகிறது.

நுவரெலியா_தாதி:
தம்பி, அம்மாவுக்கு மெதோட்ரெக்ஸேட் என்ற மூட்டுவாத மருந்து எழுதியிருந்தால் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போடவே கூடாது, ஆபத்து. எந்த நாள் என்று பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஹட்டன்_பயோ:
ஒட்டிவிட்டேன் அக்கா, திங்கட்கிழமை. டீச்சர், அம்மாவிடம் டிஆர்4 இருந்தால் எனக்கும் வருமா?

பண்டாரவளை_டீச்சர்:
அம்மாவிடம் ஒரு பிரதி இருந்தால் உங்களுக்கு வரப் பாதி வாய்ப்பு. ஆனால் அது இருக்கிற பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. சிகரெட்டும் சேர்ந்தால் அபாயம் இன்னும் பலமடங்கு ஏறும். அதைத் தொடாதீர்கள்.