பாட்டுக் குரலுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் தேவை (வடசென்னை)

வணக்கம். என் தங்கை பெரம்பூரில் பாட்டு டீச்சர். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுகிறவளுக்கு, சளி பிடித்துப் போனபிறகு நாலரையைத் தாண்டினாலே குரல் பிசிறுகிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை, குரல் நாண்களில் லேசான வீக்கம்தான். நாண் தடித்தால் அதிர்வு குறைந்து சுருதி இறங்கிவிடும்; மேல் ஸ்தாயிக்கு அது நீண்டு மெலிந்து இறுக வேண்டும், வீங்கியது எப்படி இறுகும்?

டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து, குமிழி விட்டபடியே ‘ஊ’ என்று கீழிருந்து மேலே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். நாண்கள் பலமாக மோதாமல் அதிரப் பழகுமாம். செய்கிறாள். அதிலிருந்து சரளி வரிசைக்கு (ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் அடிப்படைப் பயிற்சி) எப்போது திரும்பலாம்? மார்கழிக் கச்சேரிக்கு வேறு கேட்டிருக்கிறார்கள்; இந்த வருஷம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

பாடகர்களுக்குச் சிகிச்சை தந்து பழகிய ஸ்பீச் தெரபிஸ்ட் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.